சிப்பி அழகு, மீனுக்கு ஆபத்து

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் மீன்குஞ்சு விற்றுத்தான் மகளின் டியூஷன் காசைக் கட்டுகிறார். "மிஸ், செர்ரி பார்ப் எல்லாம் ஒவ்வொன்றாய்ச் சாகுது" என்று அழாக்குறையாகச் சொன்னார்.

தொட்டியின் அடியில் வெள்ளவத்தைக் கடற்கரையில் மகள் பொறுக்கிய சிப்பியும் முருகைக்கல்லும்! இவை மெல்லக் கரைந்து நீரை வன்னீராக்கும், காரத்தன்மையும் ஏறும். காரம் ஏறினால் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நஞ்சும் கூடும். செர்ரி பார்ப்போ களனி முதல் நில்வளா வரை, நிழலான ஓடைகளின் மென்னீரில் வாழும் நம் நாட்டு மீன்.

கல்லில் வினாகிரி விட்டோம், நுரைத்தது. எல்லாவற்றையும் எடுத்தோம். ஆனால் சகோதரிகளே, நீரை ஒரே நாளில் மாற்றக்கூடாது; அந்த அதிர்ச்சியே மீனைக் கொல்லும். குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த குழாய்நீரை, வாரமொருமுறை காற்பங்கு மட்டும் மாற்றினோம்.

9 மீன் தப்பின. சிப்பிகள் இப்போது யன்னல் ஓரத்தில்.