அத்தை வீட்டு கேமராவை யாரெல்லாம் பார்க்கிறார்கள்?

ஆடித் திருவாதிரைக்குக் கங்கைகொண்ட சோழபுரம் போனால், அத்தை வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிடாமல் திரும்ப முடியாது. போன ஆண்டு போனபோது, கூடத்துச் சுவரில் இருந்த கேமராவை ஒரு துண்டு மூடியிருந்தது.

"ஏன் அத்தை, கேமரா மேல துண்டு?"

"ராத்திரி படுத்தா என்னையே பாத்துக்கிட்டு இருக்குடி. பெரியவன் பாத்தா பரவால்ல. வேற யாரு பாக்குறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மாமா இறந்த பிறகு அத்தை தனியாக இருக்கிறார். பெரிய அத்தான் சிங்கப்பூரில், சின்ன அத்தான் குவைத்தில். பெரியவர் மூன்று வருடங்களுக்கு முன் பொருத்திவிட்டுப் போன கேமரா அது. நான் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துவிட்டேன்.

மறுநாள் அத்தானின் போனில் படம் வரவில்லை. கேமரா மாட்டிக்கொடுத்த தம்பிக்கு போன் செய்தேன், ஸ்பீக்கரில். "இங்க நல்லாத்தானே தெரியுது அக்கா. பாட்டி அரிசி புடைச்சிக்கிட்டு இருக்காங்க" என்றார், தன் கடையில் உட்கார்ந்தபடி.

அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. பொருத்திய அன்று அத்தையிடம் ஸ்மார்ட்போன் இல்லை. அத்தானுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. தன் எண்ணிலேயே ஆப்பில் கணக்கு தொடங்கி, அத்தானுக்குப் 'பகிர்ந்து' கொடுத்திருக்கிறார். கேமராவுக்குக் காசு கொடுத்தவர் அத்தான், உரிமையாளர் கடைக்காரர்! உங்கள் வீட்டிலும் அப்படித்தானா என்று இப்போதே ஆப்பைத் திறந்து பாருங்கள்.

கேமராவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இதே அரியலூர் மாவட்டத்தின் ஸ்ரீபுரந்தானில், பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து 2006-ல் சிலைகள் திருடுபோயின. திருட்டு நடந்ததே 2008-ல்தான் தெரியவந்தது. அதற்குள் அங்கிருந்த நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது; 2014-ல்தான் அவர் நாடு திரும்பினார். பூட்டை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் கேமராவுக்குத் தேவை இருக்கிறது.

ஆனால் கடைக்குப் போனால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" வாசலில் நிற்பவரின் முகம் தெரிய 2 மெகாபிக்சலே பெரும்பாலும் போதும். எட்டு, பத்தடி உயரத்தில் மாட்டுங்கள். அதற்கு மேலே போனால் திருடனின் உச்சந்தலைதான் பதிவாகும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "கணக்கு யார் பெயரில்? பாஸ்வேர்டு யாரிடம்?"

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில், ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளியாகி நாட்டையே அதிரவைத்தன. அங்கே இருந்த பாஸ்வேர்டு 'அட்மின்123' என்று பின்னர் செய்திகள் வந்தன. 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. அந்தப் படையை வைத்து நடந்த தாக்குதலில், அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவே இல்லை.

நாம் கவனமாக இருந்தாலும் கம்பெனி சறுக்கலாம். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வைஸ் நிறுவனத்தில் நடந்த கோளாறில், சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டு கேமராப் படங்கள் போய்ச் சேர்ந்தன. அதனால் என் கட்சி இதுதான்: கேமரா வாசலுக்கும் கொல்லைக்கும், கூடத்துக்கும் படுக்கையறைக்கும் வேண்டாம். எடுக்காத படம் எங்கேயும் கசியாது. படுக்கையில் இருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். ஒரே வீட்டில் சேர்ந்து வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் உள்ளே கேமரா வைக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-ல் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சிசிடிவி கேமராக்கள் இணையப் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற மத்திய அரசின் விதி, 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சோதனை முடிந்த மாடல்தானா என்று கடையில் கேளுங்கள். பெட்டியில் உள்ள பிஐஎஸ் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தடுமாறும் கடையில், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மெமரி கார்டா, கிளவுடா? வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிவானால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 11 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டில் பத்து, பதினொரு நாள் தங்கும். மாதச் சந்தா கிடையாது, படமும் வீட்டோடு இருக்கும். திருடன் கேமராவையே கழற்றிக்கொண்டு போனால் கார்டும் சேர்ந்து போகும் என்பதுதான் குறை. அந்தப் பயம் இருந்தால், ரெக்கார்டர் வாங்கி பீரோவுக்குப் பக்கத்தில் மறைவாக வையுங்கள். கரண்ட் போனால் எல்லாமே படுத்துவிடும் என்பதால், கேமராவுக்கும் ரூட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம். பிராட்பேண்ட் வராத முந்திரிக்காட்டு மோட்டார் கொட்டகைக்கு, சிம் போடும் 4ஜி கேமராக்கள் இருக்கின்றன.

யாராவது உங்கள் காட்சிகளைப் பார்த்ததாகவோ பரப்பியதாகவோ தெரிந்தால், தயங்காமல் 1930-க்கு அழையுங்கள். ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதியில்லாமல் படமெடுத்தாலோ பரப்பினாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

அன்று சாயங்காலமே அந்தத் தம்பியை வரவழைத்தோம். தன் கணக்கிலிருந்து கேமராவை நீக்கிவிட்டு, சங்கடத்தோடு அத்தையிடம் மன்னிப்பும் கேட்டார். கேமராவை ரீசெட் செய்து, அத்தானின் பெயரில் புதுக் கணக்கு, புது பாஸ்வேர்டு, ஓடிபி கேட்கும் இரண்டாவது பூட்டு, சாஃப்ட்வேர் அப்டேட் என எல்லாம் முடிய முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கூடத்தில் இருந்ததைக் கழற்றி, வாசல் திண்ணைக்கு மேலே மழை படாத இடத்தில் மாட்டினோம்.

முதல் வாரத்திலேயே ராத்திரி இரண்டு மணிக்கு அலர்ட். சிங்கப்பூரில் விடியற்காலை நாலரை. பதறி எழுந்த அத்தான், அத்தையையும் எழுப்பிவிட்டார். பார்த்தால் லென்ஸுக்கு முன்னால் ஒரு பல்லி. அதன்பிறகு, மனித உருவத்துக்கு மட்டும் அலர்ட் வருமாறு மாற்றிவைத்தோம். அத்தையும் வியாழக்கிழமை வீடு கழுவும்போது, ஒட்டடைக் கம்போடு திண்ணைக்கு வந்து கேமராவைச் சுற்றியும் ஒருமுறை தட்டிவிடுகிறார்.