பகலில் பார்க்கும் கமரா இரவில் ஏன் அணைகிறது?

கண்டியில் கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு புடவைக் கடை. பின்பக்கச் சரிவில் வாகனங்கள் நிறுத்தும் இடத்தைப் பார்த்தபடி ஒரு கமரா. பகல் முழுக்க ஒரு குறையும் இல்லை. மாலை ஆறரை தாண்டி இருட்டியதும், திரையில் அந்தக் கட்டம் மட்டும் கறுத்துவிடும். இரண்டு நிமிடத்தில் திரும்பி வரும், மறுபடி போகும். "கமராதான் பழுது முதலாளி, மாத்திடுவோம்" என்றார் பொருத்திய பாஸ். மாற்றினார்கள். புதியதும் அதே நேரத்துக்கு அணைந்தது.

பழுது கமராவில் இல்லை, வயரில். இன்றைய கமராக்கள் பலவற்றுக்குத் தனி ப்ளக் கிடையாது. படத்தைக் கொண்டுபோகும் அதே இணைய வயர்தான் மின்சாரத்தையும் கொண்டுவருகிறது. இதற்குப் 'பவர் ஓவர் ஈதர்நெட்', சுருக்கமாக பி.ஓ.இ. என்று பெயர். இருட்டியதும் கமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். அது கேட்கும் மின்சாரம் சட்டென்று கூடும். வயரால் அதைக் கொடுக்க முடியாவிட்டால் முனையில் மின்னழுத்தம் சரிந்து கமரா அணையும். அணைந்ததும் சுமை இறங்குவதால் மீண்டும் உயிர் வரும். விளக்கு எரிந்ததும் பழைய கதைதான்.

மலைமேல் தாங்கியிலிருந்து ஒல்லிக் குழாயில் தண்ணீர் இறக்குகிறவர்களுக்கு இது புரியும். ஒரு குழாயைத் திறக்கும்வரை வேகமாக வரும். இரண்டாவதையும் திறந்தால் நூலாகிவிடும். மின்சாரத்தில் ஒரு கொடுமை கூடுதல்: ஓட்டம் இரு மடங்கானால் வயரில் வெப்பமாக வீணாவது நான்கு மடங்காகும்.

2003இல் வந்த முதல் தரநிர்ணயப்படி, கமரா வயர்கள் வந்து சேரும் 'சுவிட்ச்' என்ற பெட்டி ஒவ்வொரு வயருக்கும் 15.4 வாட் கொடுக்கும். நூறு மீற்றர் கடந்து கமராவுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். அசையாத கமராவுக்கு அது போதும். சுழன்று, நெருக்கிப் பார்த்து, இரவில் தூரத்துக்கு ஒளி வீசும் கமராவுக்குப் போதாது. 2009இல் அதை 30 வாட்டாக்கினார்கள், முனையில் 25.5. குறையும் அந்த 4.5 வாட் வழியில் சூடாகிப் போகிறது. அதற்கும் மேலே போவதற்கு 2018இல் வழி பிறந்தது. இணைய வயருக்குள் நான்கு சோடிக் கம்பிகள் உண்டு. அதுவரை இரண்டு சோடிகளே மின்சாரம் சுமந்தன. புதிய தரநிர்ணயம் நான்கிலும் அனுப்பியது. சுவிட்சில் 60 வாட் கொடுத்தால் முனையில் 51. உச்ச வகையில் 90 கொடுத்தால் 71.3. பாரத்தைப் பகிர்ந்து தூக்கியதுதான் சூட்சுமம்.

இந்தக் கணக்கெல்லாம் முழுச் செம்புக் கம்பிக்கு. விலை குறைவு என்று பலர் வாங்குவது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய 60 வீதம் அதிகம். 4.5 வாட் வீணாகும் இடத்தில் 7 வாட் வரை போய்விடும். புடவைக் கடையில் நடந்தது இதுதான். முனையைப் பிளேட்டால் சுரண்டியதும் செந்நிறத்துக்குக் கீழே வெள்ளி மினுக்கியது. செம்பு வயர் இழுத்த அன்றிரவே கமரா நிலைத்தது.

வயருக்குள் மின்சாரம் போவதைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. தரமான சுவிட்ச் முதலில் சிறு மின்னழுத்தம் அனுப்பி, எதிர்முனையில் 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் 48 வோல்ட் அளவில் திறந்துவிடும். சாதாரணக் கணினியைச் செருகினால் எதுவும் பாயாது. இந்தச் சோதனையே செய்யாமல் நேரே மின்சாரம் தள்ளும் மலிவான பெட்டிகளும் சந்தையில் உண்டு. அவற்றைத் தொடாதீர்கள்.

இந்த முறையின் பெரிய நன்மை மின்வெட்டில் தெரியும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை மறந்திருக்க மாட்டோம். ஒரு கடையின் எட்டு கமராவும் ஒரே சுவிட்சிலிருந்து வாழ்ந்தால், அந்தச் சுவிட்சுக்கும் பதிவுப் பெட்டிக்கும் ஒரு யு.பி.எஸ். போதும். நகரம் இருண்டாலும் பதிவு ஓடும். அந்தப் பதிவின் அருமை கண்டிக்குத் தெரியும். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குரணைப் பகுதிகளில் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட பிறகு, யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று தேடியவர்களுக்குக் கமராப் பதிவுகளும் சாட்சி சொன்னன. அதைக் கண்ட ஊரில் இரவில் அணையும் கமராவைச் சின்னப் பழுதென்று விட என்னால் முடியவில்லை.

கண்டிக்கென்று இன்னுமொரு ஆபத்து இடி. மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேரங்களில் மலைக்கு மேலே முழங்கும்போது, கட்டடம் விட்டுக் கட்டடம் வெளியே இழுத்த செம்பு வயர் மின்னலின் அதிர்வை உள்ளே கொண்டுவந்து சுவிட்சையே எரித்துவிடும். அந்த இடைவெளிக்கு ஒளியிழை வயர் போடுவதே சரி. ஒளியிழை மின்சாரம் சுமக்காது என்பதால் மறுமுனையில் தனிச் சுவிட்ச் வேண்டும். செலவுதான், ஆனால் எரிந்த எட்டு கமராவைவிடக் குறைவு.

கமரா வாங்கப் போகிறவர்கள் அது இரவில் எத்தனை வாட் கேட்கும் என்று முதலில் கேளுங்கள். சுவிட்சின் ஒரு துளைக்கு எத்தனை, எல்லாத் துளைகளுக்கும் சேர்த்து எத்தனை என்று பெட்டியிலேயே இருக்கும். இரண்டாவதைப் பலர் பார்ப்பதில்லை. வயர்ச் சுருளைப் பிரிக்கும் முன் ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால், பணம் கொடுக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.