மூணு எழுத்தைப் பார்த்துட்டு ஃபீஸ் கட்டுங்க!

இங்கிலாந்துக்குப் போய் யூத் வொர்க் டிகிரி படிக்கிற ஐடியாவா? ஃபீஸ் கட்டும் முன், கோர்ஸுக்கு ஜே.என்.சி. அங்கீகாரம் இருக்கானு கேளுங்க. அது இல்லாத பட்டத்தைக் காட்டினால், ‘தகுதிபெற்ற யூத் வொர்க்கர்’னு அங்கே ஏத்துக்க மாட்டாங்க. 2010 முதல் ஆனர்ஸ் டிகிரிதான் இதற்குக் குறைந்தபட்சம்.

கிளாஸ் மட்டும் போதாது. யூத் கிளப், தெருமுனை என்று களத்திலும் இறங்கணும். சின்னப் பசங்களோட பழகும் வேலை. அதனால் போலீஸ் ரெக்கார்டைத் துருவுவாங்க. நம்ம ஊர் போலீஸ் சான்றிதழும் கேட்கலாம்.

ஸ்டூடண்ட் விசாவில், டேர்ம் நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் பார்ட்-டைம் வேலை. பாடத்திட்டத்தில் உள்ள களப்பணி இந்தக் கணக்கில் வராது.

இன்னொண்ணு... இது ஸ்கூல் இல்லை, பிடிச்சாத்தான் பசங்க வருவாங்க. ஐ.இ.எல்.டி.எஸ். மார்க் உங்களை அட்மிஷன் வரைக்கும் கொண்டுபோகும். பசங்க மனசு திறக்கணும்னா, காது கொடுத்துக் கேட்கவும் தெரியணும்!