பழைய காரில் கூலண்ட் அடிக்கடி குறைகிறதா? தண்ணீர் ஊற்றும் முன் இதைப் பாருங்கள்

உங்கள் வீட்டில் இன்னும் ஒரு புரோட்டோன் வீராவோ பெரோடுவா கஞ்சிலோ ஓடிக்கொண்டிருந்தால், பின்னால் பூட்டில் ஒரு தண்ணீர் போத்தலும் இருக்க வாய்ப்புண்டு. வாரத்துக்கு ஒருமுறை பானெட்டைத் திறந்து ஊற்றிவிட்டு, "பழைய காடி, கொஞ்சம் தண்ணி குடிக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவோம்.

கார் தண்ணீர் குடிக்காது. ரேடியேட்டர், குழாய்கள், வாட்டர் பம்ப், இயந்திரத்தின் உள் வழிகள் எல்லாம் சேர்ந்து ஒரு மூடிய சுற்று. அதில் கூலண்ட் வாரந்தோறும் குறைகிறது என்றால் அது எங்கோ வெளியேறுகிறது. தரையில் சொட்டுகிறது, சூட்டில் ஆவியாகிறது, இல்லையென்றால் இயந்திரத்துக்குள்ளேயே போகிறது. மூன்றாவதுதான் பர்சைக் காலி செய்யும்.

காலையில், இயந்திரம் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது சோதனையைத் தொடங்குங்கள். பக்கத்து பிளாஸ்டிக் தொட்டியில் அளவு சரியாக இருக்கிறதே என்று திருப்தியடைந்துவிட வேண்டாம். வீரா போன்ற கார்களில் ரேடியேட்டர் மூடியையே திறந்து பார்க்க வேண்டும். கூலண்ட் வாய் வரை நிற்க வேண்டும். தொட்டி நிறைந்து ரேடியேட்டர் குறைந்திருந்தால் முதல் சந்தேகம் மூடியின் மேல்தான். சூட்டில் விரிந்து தொட்டிக்குப் போகும் கூலண்டை, குளிர்ந்ததும் திரும்ப இழுப்பது அந்த மூடியில் உள்ள வால்வு. அதன் ரப்பர் இறுகிப்போனால் போனது போனதுதான்.

மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது சுற்றுக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. சாதாரணமாக 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும் தண்ணீர், 0.9 பார் மூடியின் கீழ் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் மேட்டுச் சாலையில் சீக்கிரமே கொதித்துவிடும். கேமரன் மலை, கெந்திங் போன்ற உயரமான இடங்களில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நிலைமை இன்னும் மோசம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மலிவாகக் கிடைக்கும் பொருள் இது. பழைய மூடியில் எழுதியிருக்கும் அதே அழுத்த அளவைக் கேட்டு வாங்குங்கள்.

எப்போது சூடாகிறது?

இதைக் கவனித்து மெக்கானிக்கிடம் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி. கோலாலம்பூர் நெரிசலில் முள் ஏறி, வேகமெடுத்ததும் இறங்குகிறதா? காற்றாடியைப் பாருங்கள். ஏர்கோனைப் போட்டும் ரேடியேட்டர் முன் எதுவும் சுழலவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே அல்லது மோட்டாரில் கோளாறு. மாறாக, ஜாலானில் நன்றாக ஓடிவிட்டு காராக் நெடுஞ்சாலை ஏற்றத்திலோ ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதை மேட்டிலோ சூடானால், ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம்.

நம் நாட்டில் உறைபனி இல்லை, பைப் தண்ணீரே போதும் என்று நினைப்பவர்கள் பலர். கூலண்டின் வேலை உறையாமல் பார்ப்பது மட்டுமல்ல, துருவைத் தடுப்பதும்தான். ஆண்டுக்கணக்கில் பைப் தண்ணீர் ஓடிய ரேடியேட்டரில் செம்பழுப்பு நிறச் சேறு தேங்கும்.

காருக்கு அடியில் ஈரம் கண்டால் பயந்துவிடாதீர்கள். நிறமும் மணமும் இல்லாத தண்ணீர் என்றால் அது ஏர்கோன் தண்ணீர். பிசுபிசுப்பாக, பச்சை அல்லது சிவப்பு நிறத்தில் இருந்தால்தான் கூலண்ட். உடனே கழுவிவிடுங்கள், நாயும் பூனையும் நக்கக்கூடும், அது நஞ்சு. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் விளிம்பு, குழாய் முனைகள், பம்பின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் காய்ந்த வெள்ளைத் தடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். சின்னக் கசிவு சூட்டிலேயே காய்ந்துவிடும், தரைக்கு வராது.

வெளியே எதுவும் தெரியவில்லை என்றால்

அப்போது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். வீரா 1.5இன் மிட்சுபிஷி 4ஜி15 இயந்திரத்தில் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, மேலே உள்ள சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒரே ஒருமுறை கடுமையாக ஓவர்ஹீட் ஆனாலும் ஹெட் வளைந்து, நடுவில் உள்ள கேஸ்கெட் விட்டுக்கொடுத்துவிடும்.

இயந்திரம் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, எண்ணெய்க் கோலில் பால் காப்பி நிறம், குளிர்ந்த இயந்திரத்தை முடுக்கிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் குழாய் கல் போல இறுகுவது எல்லாம் அடையாளங்கள். எண்ணெய் மூடியின் உள்ளே மட்டும் கொஞ்சம் வெண்படலம் இருந்தால், குட்டிப் பயணங்களால் வந்த ஈரமாகவும் இருக்கலாம்.

இந்தக் கட்டத்தில் பட்டறையில் "டாப் ஓவர்ஹால் பண்ணணும்" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பணம் கொடுக்கும் முன் இரண்டு சோதனை கேளுங்கள். ஒன்று, ரேடியேட்டரில் கைப் பம்பால் அழுத்தம் ஏற்றி அது இறங்குகிறதா என்று பார்ப்பது. மற்றொன்று, ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீல நிறத் திரவம். எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். இரண்டுமே இயந்திரத்தைப் பிரிக்காமல் செய்யக்கூடியவை. இவற்றைச் செய்ய மறுக்கும் பட்டறையை நம்பி நான் இயந்திரத்தைப் பிரிக்கக் கொடுக்க மாட்டேன்.

நடுவழியில் முள் சிவப்பைத் தொட்டால்

ஏர்கோனை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தையும் அணையுங்கள். அடுத்த ஆர் அண்ட் ஆர் வரை ஓட்டிவிடலாம் என்ற அந்தச் சில கிலோமீட்டர்தான் ஹெட்டை வளைக்கும். சூட்டை வெளியேற்ற ஹீட்டரைப் போடச் சொல்லும் வெளிநாட்டுக் காணொளிகள் இங்கு அதிகம் உதவாது. நம் பழைய கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். திறந்த நொடியில் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூடான இயந்திரத்தின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். எல்லாரையும் காரிலிருந்து இறக்கி, சாலைத் தடுப்புக்கு அப்பால் நிற்க வைத்துவிட்டு, பிளஸ் நெடுஞ்சாலையாக இருந்தால் 1800-88-0000க்கு அழையுங்கள்.

முள் திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதியடையவும் வேண்டாம். கூலண்ட் சென்சாருக்குக் கீழே போய்விட்டால் அது வெறும் ஆவியைத்தான் அளக்கும். முள் குளிர்ச்சி காட்டும்போதே உள்ளே இரும்பு வெந்துகொண்டிருக்கலாம்.

பழுது பார்த்து வந்த மறுநாள் காலை, காரை முடுக்கும் முன் மூடியைத் திறந்து அளவை மறுபடி பாருங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறியதால் முதல் நாளில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. நிரப்பிவிட்டு, மூன்றாம் நாளும் பாருங்கள். அப்போதும் இறங்கியிருந்தால் காரை அதே பட்டறைக்கே திரும்பக் கொண்டுபோங்கள்.