கோப்போடு பேரும் போக வேண்டும்

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. வயல் அதே வயல், உழுதவரும் அவரே. கணக்குமுறைதான் வேறு. திருவிதாங்கூரில் நிலக்காரரின் வரிக்கணக்குக்குத் தண்டப்பேர் எண். சென்னை மாநிலத்தில் பட்டா எண். ஒரு கணக்கில் ஒருவரைக் குறிக்கும் எண், இன்னொரு கணக்கில் வேறொருவரைக் குறிக்கலாம். எண்ணை மட்டும் நம்பிப் பெயர்த்தெழுதினால் நிலம் கைமாறிவிடும்.

கணினியிலிருந்து கணினிக்குக் கோப்புகளைக் கொண்டுபோகும்போதும் இதே சிக்கல்தான். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, ஒரு குழு உண்டு. யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் இயக்கலாம் என்ற அனுமதியும் உண்டு. ஆனால் வட்டில் பதிவாவது உரிமையாளரின் பெயர் அல்ல, எண். அந்த எண் யாருடையது என்பதை அந்தந்தக் கணினியின் பயனர் பட்டியல்தான் சொல்லும். நாகர்கோவில் அலுவலகத்தில் 1001 என்பவர் கணக்கர், தக்கலைக் கிளையில் 1001 என்பவர் டேட்டா என்ட்ரி ஊழியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தக்கலையில் மாட்டினால், சம்பளப் பட்டியல் முழுவதும் அந்த ஊழியருக்குச் சொந்தமாகிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

இந்த வேலைக்கென்றே பலரும் நம்பும் கருவி ஆர்சிங்க். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996-இல் வெளியிட்டது. கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கொரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு, இரு முனைகளிலும் ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் வலையில் அனுப்புகிறது. இணையம் ஆமைவேகத்தில் ஊர்ந்த காலத்தில் அது பெரிய வரம். இன்றும்தான்.

ஆனால் கேட்டால்தான் அது உரிமையைக் கொண்டுபோகும். சும்மா நகலெடுத்தால், நகலெடுத்தவரே எல்லாவற்றுக்கும் உரிமையாளர். சிறிய ‘ஏ’ என்ற ஆர்க்கைவ் விருப்பத்தைச் சேர்த்தால் உள் அடைவுகள், இணைப்புகள், அனுமதி, தேதி, குழு, உரிமையாளர் எல்லாம் கூடவே வரும். அப்போதும் வாங்கும் கணினியில் ரூட் (நிர்வாகி) அதிகாரம் இல்லையென்றால் உரிமையாளர் பெயர் ஒட்டாது. தனித்தனி நபருக்குத் தந்த கூடுதல் அனுமதிகளும் சிறிய ‘ஏ’யில் அடங்காது, அவற்றுக்குப் பெரிய ‘ஏ’ வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

ஆர்சிங்க் முதலில் பெயரைத்தான் தேடும். அந்தப் பெயர் மறுமுனையில் இருந்தால், அங்கே அவருக்குள்ள எண்ணில் கோப்பைச் சேர்க்கும். இல்லாவிட்டால் பழைய எண்ணையே எழுதிவிடும்.

பெயர் மறுபக்கத்தில் இல்லாத நிலை 1956-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த அந்தத் தாலுகாக்களுக்கும் வந்தது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் ஸ்ரீபண்டாரவகை நிலங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டன. அவற்றை, நிலக்காரரே நேரடியாக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்ற 1964-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. கைமாறிய பகுதியின் கோயில்களுக்கு ஆண்டுக்கு 13.50 லட்சம் ரூபாய் என்று அரசமைப்பின் 290ஏ பிரிவில் எழுதிவைக்க வேண்டியிருந்தது. உடைமை இன்னாருக்கு என்பது தானாகத் தொடராது, எழுதினால்தான் தொடரும் என்று அன்றைக்கு உணர்ந்திருந்தார்கள்.

முழுக் கணினியையும் பேக்கப் எடுக்கும்போது மட்டும் கதை வேறு. பேக்கப் கணினியின் பயனர் பட்டியலுக்கு அங்கே வேலையில்லை. ‘நியூமெரிக் ஐடிஸ்’ விருப்பத்தோடு எண்ணை அப்படியே காப்பதே சரி. பென் டிரைவை இதற்கு நம்பக் கூடாது. பெரும்பாலும் அதில் இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறைகளில் லினக்ஸ் உரிமையாளரை எழுத இடமே கிடையாது. வேறு வழியில்லையென்றால் ‘டார்’ கட்டாகக் கட்டி அதில் வைக்கலாம்.

உரிமை தொலைந்தபின் பலர் கையிலெடுக்கும் வைத்தியம் 777, அதாவது யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம். அது வைத்தியமே அல்ல. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் ரகசியச் சாவிக்கு அப்படிச் செய்தால், அந்தச் சாவியை ஏற்கவே நிரல் மறுத்துவிடும். சம்பளப் பட்டியலுக்கு அந்தக் காவலும் இல்லை.

ஆகவே அடுத்த முறை சர்வர் மாற்றுபவர்கள் முதலில் இரு கணினிகளின் பயனர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘என்’ விருப்பத்தோடு ஓர் ஒத்திகை ஓட்டுங்கள். மறுமுனையில் எதையும் எழுதாமல், என்ன நடக்கும் என்று மட்டும் அது காட்டும். மூலத்தில் இல்லாத கோப்புகளை மறுமுனையில் அழித்துவிடும் ‘டெலிட்’ விருப்பத்தைச் சேர்ப்பதாக இருந்தால் ஒத்திகை இல்லாமல் கைவைக்கவே வேண்டாம். பழைய கணினியை அழிக்கும் முன், புதியதில் நான்கு கோப்புகளின் உரிமையாளர் பெயரை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

(தொடரும்)