இரண்டு மணித்தியாலம் என்று யார் சொன்னது?

"ஒரே பக்கமாக் கிடக்க விடாதீங்க. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டிப் போடுங்க."

பாரிசவாதத்தில் விழுந்த உம்மாவையோ வாப்பாவையோ வீட்டுக்குக் கூட்டிவரும் குடும்பத்துக்கு வாட்டில் சொல்லியனுப்பும் வாசகம் இது. சொன்னவர் தாதி. அவருக்குச் சொன்னது தாதியர் கல்லூரி. கல்லூரிக்குச் சொன்னது யார்? இப்படிக் கேட்பது தாதியை மதியாமை அல்ல. சான்றுகளை அடிப்படையாகக் கொண்ட தாதியியல் என்று இன்று பேசப்படும் துறை, தாதியரே தங்களிடம் இவ்வாறு கேட்டுக்கொண்டதால் வளர்ந்தது.

படுக்கைப் புண் எப்படி உண்டாகிறது என்பது சிக்கலான விடயமல்ல. இடுப்பின் பின்பக்கம், குதிக்கால், தோள்பட்டை போன்ற எலும்பு முட்டும் இடங்களில் உடலின் பாரம் தோலையும் சதையையும் நசுக்குகிறது. நுண்ணிய குழாய்களில் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. நெடுநேரம் அப்படியே கிடந்தால் அவ்விடத்துச் சதை செத்துப்போகிறது. காரணம் இதுவாயிருக்க, பிரித்தானிய வாட்டுகளில் ஒரு காலத்தில் நடந்த வைத்தியமோ வேறு. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார்கள், ஸ்பிரிட் பூசினார்கள். முட்டை வெள்ளைக்கருவைத் தடவி அதன்மேல் ஒட்சிசன் ஊதிக் காயவைத்ததும் உண்டு! ஒவ்வொரு மூத்த தாதிக்கும் ஒரு கைமருந்து. எல்லாம் "நான் கண்ட அனுபவம்" என்ற பெயரில்.

டொரீன் நோர்ட்டன் என்ற ஆங்கிலேயத் தாதி, இன்னொரு தாதியையும் முதியோர் வைத்தியர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார். ஆய்வு 1962இல் நூலாக வந்தது. யாருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிய உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு என்ற ஐந்துக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை புள்ளியிட்டார்கள். மொத்தம் 20. பதினான்கோ அதற்குக் குறைவோ என்றால் ஆபத்து. பூச்சுகளையும் ஒப்பிட்டார்கள். கைகொடுத்தது பூச்சல்ல, அடிக்கடி புரட்டிப் படுக்கவைத்ததுதான். இதற்கு முன்பே, 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில்லில் முள்ளந்தண்டு காயப்பட்டோருக்கான பிரிவைத் தொடங்கிய லூட்விக் குட்மன், இரவு பகலாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளரைத் திருப்பச் செய்து வந்தார். இரண்டு மணித்தியாலம் விதியாகிவிட்டது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. 2013இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் பராமரிப்பு நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. 942 முதியவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை இரண்டு, சிலரை மூன்று, சிலரை நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பி, மூன்று வாரம் அவதானித்தார்கள். புண் வந்தவர்கள் மொத்தத்தில் 100க்கு ஏறத்தாழ 2 பேர். மூன்று பிரிவுகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இனி நான்கு மணித்தியாலம் போதும் என்று உடனே சொல்லிவிடலாமா? பழந்தமிழில் சாட்சிக்குக் 'கரி' என்றொரு பெயர் உண்டு. கரி வந்து நின்றாலும் குறுக்கு விசாரணை இல்லாமல் வழக்குத் தீராது. அந்த முதியவர்கள் எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தியான தரமான ஃபோம் மெத்தையில். மிக மிக ஆபத்து நிலையில் இருந்தவர்களை ஆய்வில் சேர்க்கவில்லை. திருப்பும் ஒவ்வொரு முறையும் தோலைப் பார்த்துக் குறித்துவைக்க ஆட்கள் இருந்தார்கள். எங்கள் வீடுகளிலோ நடுவில் குழி விழுந்த பழைய தும்பு மெத்தை. அந்த முடிவை அப்படியே தூக்கிவந்து இதில் போட முடியாது. ஆனால் நல்ல மெத்தை இருந்து, புண் வராத, ஓரளவு உடல் தேறிய ஒருவரை இரவில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்க விடலாமா என்று தாதி யோசிப்பதற்கு அந்த ஆய்வு இடம் கொடுக்கிறது. தூக்கமும் நோயாளிக்கு மருந்துதானே. விடிய விடியக் கண்விழித்துப் பார்க்கும் மகளுக்கும் அது தேவை.

1996இல் டேவிட் சாக்கெட்டும் தோழர்களும் சொன்ன விளக்கத்தின் சாரமும் இதுவே. சிறந்த ஆய்வுச் சான்று, பராமரிப்பவரின் தேர்ச்சி, நோயாளரின் விருப்பம் மூன்றும் சேர்ந்தே தீர்மானம் பிறக்கவேண்டும். தாளில் உள்ள எண்ணை மட்டும் பார்த்துச் செய்வதும் ஒருவகைக் கண்மூடித்தனம்தான்.

சில பழக்கங்களை மட்டும் தயங்காமல் கைவிடலாம். சிவந்துபோன இடத்தை எண்ணெய் தடவி உருவிவிடுவது இரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். நசுங்கியிருக்கும் சதையைத் தேய்ப்பது அதை மேலும் சேதப்படுத்தும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தில் உட்காரவைப்பதும், கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிக்காலுக்கு அடியில் வைப்பதும் வேண்டாம் என்பது சர்வதேச வழிகாட்டல். வளையம், அது முட்டும் விளிம்பில் பாரத்தைக் கூட்டுகிறது. குதிக்காலுக்கு, கெண்டைக்கால் நீளத்துக்கும் தலையணை கொடுத்துக் குதியை அந்தரத்தில் விட்டால் போதும்.

இன்னொன்று. சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்வார்கள். வெளிறித் திரும்பச் சிவந்தால் இன்னும் மீளலாம். வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது. இது வெள்ளைத் தோலில் இலகுவாகத் தெரியும் அடையாளம். எங்களைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். அதனால் அக்கம்பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு, அந்த இடம் சூடாகவோ குளிராகவோ இருக்கிறதா, கல்லுப்போல இறுகியோ சதுப்பாகவோ இருக்கிறதா, தொட்டால் நோகுதா என்று கையால் பார்க்கவேண்டும். பேச முடிந்தவர்களிடம், "எங்க நோகுது?" என்று கேட்கவும் வேண்டும்.