மூளை கற்றுக்கொண்ட புகை

1950 செப்டம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் மருத்துவர் ரிச்சர்ட் டால், புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். இங்கிலாந்தில் நுரையீரல் புற்றுநோய் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. சாலைக்குப் போடும் தாரோ மோட்டார் வண்டிப் புகையோதான் காரணமாக இருக்கும் என்று டால் முதலில் சந்தேகித்தார். லண்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் விசாரித்தபோது கணக்கு வேறு திசையைக் காட்டியது. நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் இரண்டே பேர். டால் அப்போது தாமும் புகைத்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிவதற்கு முன்பே சிகரெட்டை விட்டுவிட்டார்.

1951இல் இருவரும் பிரிட்டன் முழுவதும் உள்ள மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டார்கள். ஏறத்தாழ 40,000 பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் ஆண் மருத்துவர்களின் வாழ்வையும் மரணத்தையும் அந்த ஆய்வு 50 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. முடிவு 2004இல் வந்தபோது டாலுக்கு வயது 91. விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் நிறுத்தியவர்கள் அதில் 3 ஆண்டுகளை மீட்டார்கள். 50இல் நிறுத்தியவர்கள் 6, 40இல் நிறுத்தியவர்கள் 9. முப்பது வயதில் நிறுத்தியவர்களோ ஏறக்குறைய பத்தையும் மீட்டுவிட்டார்கள். ‘இவ்வளவு வருஷம் ஊதியாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது’ என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான பதில் மருத்துவத்தில் இல்லை.

பதில் தெரிந்தும் விட முடியாமல் தவிப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். இந்தியாவில் 2016-17இல் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி, புகைப்பவர்கள் சுமார் 10 கோடிப் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நிறுத்த எண்ணியிருந்தார்கள். ஐந்து பேரில் ஏறத்தாழ இரண்டு பேர் முந்தைய 12 மாதங்களுக்குள் முயன்றும் பார்த்திருந்தார்கள். இவர்களுக்கு மனசு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

மனசு இருந்தும் ஏன் முடியவில்லை என்பதற்கு மூளை பதில் சொல்கிறது. இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் 10 முதல் 20 நொடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. அசெட்டைல்கோலின் என்ற நரம்புக் கடத்திக்கு உரிய ஏற்பிகளில் போய் அமர்ந்துகொள்கிறது. அதனால் டோப்பமைன் சுரக்கிறது. டோப்பமைனை மகிழ்ச்சி தரும் வேதிப்பொருள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ‘இதை நினைவில் வை, மறுபடியும் செய்’ என்று மூளைக்குக் கற்பிப்பதும் அதன் வேலை. ஒரு சிகரெட்டுக்கு 10 இழுப்பு, நாளைக்கு 10 சிகரெட் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பாடம் ஆண்டுக்கு 36,500 முறை நடக்கிறது. பள்ளியில் எந்தப் பாடத்தையும் நாம் இத்தனை முறை படித்ததில்லை.

பாடத்தோடு சூழலும் பதிகிறது. டீ கிளாஸ், சாப்பாடு முடிந்த வேளை, பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம், ‘வாடா, ஒரு தம் போட்டுட்டு வரலாம்’ என்று அழைக்கும் நண்பன் எல்லாமே தூண்டுதலாக மாறிவிடுகின்றன. உடலில் ஒரு துளி நிக்கோட்டின் இல்லாத நிலையிலும், நிறுத்திப் பல மாதம் ஆன பிறகும், அந்த டீக்கடை வாசல் ஆசையை எழுப்புவது இதனால்தான். 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு வியப்பான சான்று தந்தது. பக்கவாதம் போன்றவற்றால் மூளையின் இன்சுலா என்ற பகுதி பாதிக்கப்பட்ட புகைப்பவர்கள் சிலர், எந்தப் போராட்டமும் இல்லாமல் சட்டென்று புகையை விட்டிருந்தார்கள். ஆசையே எழவில்லை. அவர்கள் திடீரென்று ஒழுக்கசாலிகள் ஆகிவிடவில்லை. உடலின் உணர்வை ஆசையாக மாற்றும் இடம் பழுதாகியிருந்தது.

டென்ஷன் குறையத்தான் புகைக்கிறேன் என்பவர்கள் பொய் சொல்வதில்லை. புகைத்ததும் உண்மையிலேயே இதமாக இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. தொடர்ந்து புகைப்பவரின் மூளையில் ஏற்பிகளின் எண்ணிக்கையும் கூடியிருக்கும். அவை காலியாகும்போது எரிச்சலும் பதற்றமும் வருகின்றன. அடுத்த சிகரெட் அவற்றைத் தணிக்கிறது. கந்துவட்டிக்காரரிடமே மறுகடன் வாங்கி அவருடைய வட்டியைக் கட்டுவது போன்ற நிம்மதி அது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு கட்டுரை, புகையை நிறுத்தியவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைவதைக் காட்டியது.

நிறுத்தியதும் முதலில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு நிறுத்துவது பெரிய பலம். எரிச்சலும் தூக்கக் குறைவும் முதல் சில நாள்களில் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். காலையில் ஒரு பீடி பற்றவைத்தால்தான் வயிறு சுத்தமாகும் என்பவர்களுக்குச் சில வாரம் மலச்சிக்கல் இருக்கலாம். தண்ணீரும் கீரையும் பழமும் உதவும். காபிப் பிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. புகையிலுள்ள சில பொருள்கள், காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. புகை நின்றால் அந்த வேகம் குறையும். வழக்கமான அளவு காபியே ரத்தத்தில் கூடுதல் காஃபீனாகத் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வர, ‘சிகரெட் இல்லாமல் என்னால் முடியாது’ என்று தோன்றும். அந்த வாரங்களில் காபியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

மன உறுதி மட்டும் போதும் என்று நினைத்து உதவியை மறுக்க வேண்டியதில்லை. நிக்கோட்டின் சூயிங்கமும் ஒட்டுப்பட்டையும் வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. வேரெனிக்லின், புப்ரோப்பியான் போன்ற மாத்திரைகளை மருத்துவரின் ஆலோசனையுடன் எடுக்கலாம். சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசகர்கள் பேசுவார்கள்.

நம் வீடுகளில் புகையைக் ‘கெட்ட பழக்கம்’ என்ற பட்டியலில் வைத்து, அதைக் குணத்தின் குறையாகப் பார்க்கிறோம். குடி, சூதாட்டம், விடிய விடிய கைபேசி என எல்லாவற்றையும் இப்படித்தான் எடைபோடுகிறோம். கெடுதல் என்று சொல்வதில் தவறில்லை, கெடுதல் பெரிதுதான். ஆனால் வெட்கப்பட வைத்தால் மனிதர் மறைந்து புகைப்பார். பேச மாட்டார், உதவி கேட்க மாட்டார். வெட்கம் தரும் மன அழுத்தமும் இன்னொரு தூண்டுதலாகிவிடும். கற்றுக்கொண்ட ஒன்றைக் கைவிட மூளைக்கு வேண்டியது அவகாசம், பயிற்சி, துணை.

பலர் நிரந்தரமாக விடுவதற்கு முன் பலமுறை முயன்று தோற்றிருக்கிறார்கள். ஆகவே மறுபடி பற்றவைத்துவிட்ட கணவரிடமோ அண்ணனிடமோ மகனிடமோ, ‘உனக்கு ரோஷமே இல்லையா’ என்று கேட்பதால் பயன் இல்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது கை போனது என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் அடுத்த முயற்சியின் திட்டம் இருக்கிறது. அதை அவரோடு உட்கார்ந்து நீங்களும் போடுங்கள்.